பெயரும் கிளையும்: பனிமலைக் குருவிகள் கற்பிக்கும் வகைப்பாட்டுப் பாடம்

தோற்றத்தில் ஒத்திருப்பவை எல்லாம் பிறப்பில் உறவுடையவை அல்ல என்பது மொழி வரலாற்றைப் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று. சொல் ஒத்திருக்கலாம்; தொடரமைப்பும் ஒத்திருக்கலாம். அவ்வொப்புமை எதனால் வந்தது என்று ஆராய்ந்த பின்னரே உறவைப் பற்றிப் பேச முடியும். இப்பாடத்தை மொழிச் சான்றுகளைக் கொண்டு மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பதில்லை. ஆசியாவின் மிக உயர்ந்த நிலப்பரப்புகளில் வாழும் ஒரு சிறு பறவைக் கூட்டம் இதனை மிகத் தெளிவாக விளக்குகிறது. ஒரு பெயர் எவ்வாறு தவறாக அமைகிறது, அமைந்த பின் ஏன் மாறாமல் நிற்கிறது, தவறான பெயரால் என்ன கேடு விளையக்கூடும் என்பவற்றையும் அப்பறவைகளின் வரலாற்றிலிருந்தே நாம் அறிந்துகொள்ளலாம்.

ஆங்கிலத்தில் இப்பறவைகளுக்கு ‘ஸ்னோஃபிஞ்ச்’ என்று பெயர். ஸ்னோ என்பது வெண்பனி. ஃபிஞ்ச் என்பது தடித்த கூம்பு அலகால் விதைகளை உடைத்துத் தின்னும் ஒரு பறவைக் குடும்பத்தின் பெயர். ஆயினும் இவை ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. இவற்றின் உண்மையான உறவினம் எது என்பதைப் படிப்படியாகக் காண இருப்பதால், உறவை முன்கூட்டியே முடிவு செய்யாத ஒரு பெயரால் இவற்றைக் குறிப்பதே முறை. தமிழில் ‘குருவி’ என்னும் சொல் எச்சிறு பறவைக்கும் பொதுவாக வழங்குவது. எனவே இக்கட்டுரையில் இவற்றைப் பனிமலைக் குருவிகள் என்றே அழைப்போம்.

வாழிடமும் வாழ்முறையும்

பனிமலைக் குருவிகளில் எட்டுச் சிற்றினங்கள் உள்ளன. அவை மூன்று பேரினங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் வெண்சிறகுப் பனிமலைக் குருவி ஒன்று மட்டும் ஸ்பெயின் நாட்டு மலைகள் தொடங்கி ஆல்ப்ஸ் வழியாக நடு ஆசியா வரை பரவியுள்ளது. ஏனைய ஏழும் ஆசியாவுக்கே உரியவை. அவற்றுள் ஒன்று ஆப்கானிஸ்தானத்து மலைகளில் மட்டுமே இனப்பெருக்கம் செய்வது. பெரும்பாலானவற்றின் தாயகம் திபெத்தியப் பீடபூமி. அதன் விளிம்புகளான லடாக், வட சிக்கிம் ஆகிய பகுதிகளிலும் சிலவற்றைக் காணலாம்.

திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேல். நம் கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர். அந்த உச்சியின் உயரத்திலேயே பல நூறு கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் ஒரு புல்வெளியை மாணவர்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பங்குதான். புற ஊதாக் கதிர் கடுமையானது. இரவுக் குளிர் அதனினும் கடுமையானது. உயர்ந்த மரம் எதுவும் இல்லை. புல்லும் தாழ்ந்த செடிகளும் கற்களுமே நிலத்தை மூடியிருக்கின்றன.

பனிமலைக் குருவிகள் இத்தகைய நிலத்தில் ஆண்டு முழுவதும் வாழ்பவை. குளிர்காலம் வந்ததும் தென்னாடுகளுக்குப் பறந்துவிடும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. மிஞ்சினால் சற்றுத் தாழ்ந்த சரிவுகளுக்கு இறங்கிக் கூட்டமாகத் திரியும். விதைகளே முதன்மை உணவு; கோடையில் குஞ்சுகளுக்குப் பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டும். உடலின் நிறம் மண்ணையும் கல்லையும் ஒத்த மங்கலான பழுப்பு. தரையில் அமர்ந்திருக்கையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வெண்சிறகுப் பனிமலைக் குருவி, எழுந்து பறக்கும்போது சிறகிலும் வாலிலும் உள்ள வெண்மை பளிச்சிடும்.

மரமற்ற நிலத்தில் கூடு எங்கே கட்டுவது? சில இனங்கள் பாறை இடுக்குகளை நாடுகின்றன. வெண்சிறகுப் பனிமலைக் குருவி மலைக் கட்டடங்களின் சந்துகளிலும் கூடு கட்டும். பீடபூமியில் வாழும் பல இனங்களோ வேறொரு விலங்கு தோண்டிய மண்வளைகளுக்குள் கூடு அமைக்கின்றன. அவ்விலங்கைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

பெயர் வந்த வழி

உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயசு, 1758இல் வெளியிட்ட தம் நூற்பதிப்பில் கூம்பு அலகுடைய பல சிறு பறவைகளை ஃபிரிங்கில்லா என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினார். ஃபிரிங்கில்லா என்பது ஃபிஞ்ச் பறவைக்குரிய இலத்தீன் சொல். நாம் அனைவரும் அறிந்த சிட்டுக்குருவியையும் அவர் அப்பேரினத்திலேயே வைத்தார். 1766இல் வெளிவந்த அடுத்த பதிப்பொன்றில் வெண்சிறகுப் பனிமலைக் குருவிக்கும் ஃபிரிங்கில்லா நிவாலிசு என்று பெயரிட்டார். நிவாலிசு என்றால் பனிக்குரியது என்று பொருள்.

ஆக, லின்னேயசின் நூலில் சிட்டுக்குருவியும் ஃபிஞ்ச்தான், பனிமலைக் குருவியும் ஃபிஞ்ச்தான். ஆனால் 1760இலேயே பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் சிட்டுக்குருவிக்குப் பாசர் என்னும் தனிப்பேரினம் வகுத்துவிட்டார். பனிமலைக் குருவிக்கு அவ்வாறு நிகழவில்லை. 1828இல் செருமானிய அறிஞர் பிரேம் அதற்குத் தனிப்பேரினம் வகுத்தபோது மோன்டிஃபிரிங்கில்லா, அதாவது மலை ஃபிஞ்ச், என்றே பெயர் சூட்டினார். சிட்டுக்குருவி வெளியேறிய பழைய வீட்டில் பனிமலைக் குருவி தங்கிவிட்டது. ஆங்கில வழக்கும் அப்பழைய எண்ணத்தையே இன்றுவரை சுமந்து நிற்கிறது.

மொழி மாணவர்களுக்கு இது புதியதன்று. ஒரு சொல் தோன்றிய காலத்தின் அறிவு அச்சொல்லுக்குள் உறைந்துவிடுகிறது. பின்னர் அறிவு வளர்ந்தாலும் சொல் அப்படியே நிற்கிறது. சூரியன் நகர்வதில்லை என்பதை அறிந்த பின்னும் நாம் ‘பொழுது சாய்ந்தது’ என்றுதான் சொல்கிறோம்.

ஒப்புமை எதனால் வருகிறது?

ஃபிஞ்ச், சிட்டுக்குருவி, நம் நெல்வயல்களில் கூட்டமாக இறங்கும் சில்லை ஆகிய மூன்றுக்கும் அலகு ஏறக்குறைய ஒரே வடிவினது. மூன்றும் விதை தின்பவை. ஆயினும் மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரே வகைத் தொழிலுக்கு ஒரே வகைக் கருவி உருவாகியிருக்கிறது, அவ்வளவே. உயிரியலில் இதனைக் குவிபரிணாமம் என்பர்.

மொழிகளிலும் இத்தகைய ஒப்புமை உண்டு. தமிழிலும் சப்பானியத்திலும் வினை தொடரின் இறுதியில் வருகிறது. இவ்வொன்றைக் கொண்டு இரண்டும் ஒரு குடும்பம் என்று கூற முடியாது. உலகின் பல மொழிகளில் இவ்வமைப்பு தனித்தனியே அமைந்திருக்கிறது. மொழிகளுக்கு மட்டுமே உரிய இன்னொரு வழியும் உண்டு. அது கடன் வாங்குதல். கப்பல், கடை, கட்டில் ஆகிய சொற்கள் சிறிய ஒலி மாற்றங்களுடன் மலாய் மொழியில் இன்றும் வழங்குகின்றன. இவை வணிகத் தொடர்பைக் காட்டுமே தவிர, பிறப்புறவைக் காட்டா. பறவைகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று அலகைக் கடன் வாங்குவதில்லை. ஆகவே இவ்விரண்டு துறைகளையும் ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

எதிர்ப்பக்கமும் எண்ணத்தக்கது. பலுச்சிஸ்தானத்தில் வழங்கும் பிராகுயி மொழியைக் கேட்பவருக்கு அது அண்டை மொழிகளின் இனமாகவே தோன்றும். அதன் எண்ணுப்பெயர்களில் முதல் மூன்று மட்டுமே திராவிடச் சொற்கள்; நான்கு முதல் எல்லாம் ஈரானிய மொழிகளிலிருந்து வந்தவை. சூழல் அம்மொழியை அவ்வளவு மாற்றியிருக்கிறது. எனினும் அதன் இலக்கணக் கூறுகளும் அடிப்படைச் சொற்களும் அது திராவிட மொழியே என்பதை உறுதிப்படுத்துகின்றன.

அவ்வாறாயின் உறவுக்குச் சான்று எது? சூழல் எளிதில் தரக்கூடிய கூறு சான்றாகாது. ஒரு பொது மூதாதையிடம் ஒரே ஒரு முறை தோன்றி, அதன் வழிவந்தவற்றில் மட்டும் காணப்படும் புத்தாக்கமே சிறந்த சான்று. மொழியியலில் கிளைமொழிகளை வகுக்க நாம் பயன்படுத்தும் விதி இதுவே. உயிரியலாரும் இதையே பயன்படுத்துகின்றனர்.

நாவில் இருந்த சான்று

பனிமலைக் குருவியின் அத்தகைய சான்று அதன் நாவிலேயே இருந்தது. சிட்டுக்குருவிக் குடும்பத்துப் பறவைகளின் நாவில், பிற பறவைகளில் காணப்படாத ஒரு கூடுதல் எலும்பு உண்டு. விதையை அலகிடையே நிறுத்தி உமியை நீக்கும்போது நாவுக்கு விறைப்பைத் தருவது அது. 1978இல் வால்டர் பாக், ஜான் மொரோனி ஆகிய இருவரும் இவ்வெலும்பைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டனர். எலும்புக்கூட்டில் புதிதாகத் தோன்றிய உறுப்பு என்று அதனை அவர்கள் விளக்கினர். ஃபிஞ்ச் பறவைகளும் விதையை உமி நீக்கித் தின்கின்றன. ஆனால் அவற்றுக்கு இவ்வெலும்பு இல்லை. தொழில் ஒன்று, கருவியின் அமைப்பு வேறு. எனவே இவ்வெலும்பைத் தொழிலின் விளைவு என்று மட்டும் கூறிவிட முடியாது. அது மரபின் அடையாளம்.

பனிமலைக் குருவிகள் சிட்டுக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இன்று மரபணு ஆய்வுகளாலும் உறுதிப்பட்டுள்ளது. மூன்று பேரினங்களிலும் ஒவ்வோர் இனத்தைத் தேர்ந்து மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. உயர்நில வாழ்வுக்கான மாற்றங்களுள் ஒரு பகுதி இவற்றின் பொது மூதாதையிடமே தோன்றிவிட்டது என்பதும், பின்னர் ஒவ்வோர் இனமும் தனக்கெனச் சில மாற்றங்களைப் பெற்றது என்பதும் அதன் முடிவுகள். அவ்வாறு மாறியவற்றுள் மரபணுச் சேதத்தைச் சீர்செய்வதோடு தொடர்புடைய ஒரு மரபணுவும் உண்டு. புற ஊதாக் கதிர் மிகுந்த நிலத்தில் அதன் பயன் வெளிப்படை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உணவுக்கடை மேசைகளின் கீழே பருக்கை பொறுக்கும் சிட்டு, மரச்சிட்டு எனப்படும் இனம். அறிவியற் பெயர் பாசர் மொன்டானசு; மலைக்குரிய சிட்டு என்பது பொருள். நகரத்தில் வாழும் பறவைக்கு மலைப் பெயர். மலையில் வாழும் சிட்டுக்கோ ஃபிஞ்ச் என்னும் பெயர்! நம் பள்ளி வளாகத்துச் சிட்டு, 4,500 மீட்டர் உயரத்தில் வாழும் பனிமலைக் குருவிக்கு நெருங்கிய உறவு. அப்பனிமலைக் குருவியோடு ஒரே சரிவில் இரை தேடும் மெய்யான ஃபிஞ்ச் பறவையோ அதற்குத் தொலைவான உறவுதான்.

பீடபூமியின் பிற பெயர்கள்

பீடபூமியில் இவ்வாறு பெயர் பிழைத்த பறவை இது ஒன்று மட்டுமன்று. இந்திய தேசியக் காங்கிரசு தோன்றக் காரணமானவர்களுள் ஒருவராக நாம் அறிந்த ஏ. ஓ. ஹியூம், பறவையியலிலும் பெரும்புலமை உடையவர். 1871இல் அவர் திபெத்தியப் பகுதிக்குரிய ஒரு சிறு தரைவாழ் பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். நீண்டு வளைந்த அலகையும் தரையில் தத்தி ஓடும் இயல்பையும் கொண்டு அது காக்கைக் குடும்பத்தில் வைக்கப்பட்டது. 2003இல் வெளிவந்த ஆய்வு அது காக்கையினம் அன்று, மரங்களில் திரியும் பட்டாணிக்குருவியின் குடும்பம் என்று நிறுவியது. மரமற்ற நிலத்துக்கு வந்த பட்டாணிக்குருவி, தரைவாழ்வுக்கேற்ப உருமாறியிருந்தது.

இன்னொன்று 1929இல் மேற்குத் திபெத்தியப் பீடபூமியில், 5,125 மீட்டர் உயரத்தில், நெதர்லாந்தைச் சேர்ந்த சில்லெம் சேகரித்த பறவை. இரண்டே இரண்டு மாதிரிகள். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் அவை வேறொரு மலை ஃபிஞ்ச் என்னும் அடையாளச் சீட்டுடன் 60 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. 1992இல்தான் அது தனி இனம் என்று உணரப்பட்டது. அப்போதும் மலை ஃபிஞ்ச் பேரினத்திலேயே வைக்கப்பட்டது. 2012இல் சிங்ஹாய் மாகாணத்தில் உயிருள்ள பறவைகள் நிழற்படம் எடுக்கப்பட்டன. 2016இல் மரபணு ஆய்வு அதனை ரோஸ்ஃபிஞ்ச் என்னும் செந்நிற ஃபிஞ்ச்களின் பேரினத்துக்கு மாற்றியது. அவ்வாண் பறவையின் உடலில் செந்நிறமே இல்லை என்பதுதான் அறிஞர்களைத் திசைதிருப்பியது.

மூன்றாவது, ரஷ்யப் பயணி பிரெசுவால்ஸ்கி 1876இல் விவரித்த பறவை. வாலில் இளஞ்சிவப்பு உடையது. அதனைச் சிலர் ரோஸ்ஃபிஞ்ச் என்றனர். ஃபிஞ்ச் பறவைகளின் சிறகில் நன்கு வளர்ந்த முதன்மை இறகுகள் ஒன்பதுதான், இதற்கோ பத்து. இன்று அது எக்குடும்பத்திலும் சேராமல், தனக்கென ஒரு குடும்பத்தில் தனி ஓர் இனமாக நிற்கிறது.

இம்மூன்றிலும் ஒரே பிழைதான் நிகழ்ந்திருக்கிறது. கண்ணுக்கு முதலில் படும் கூறு உறவின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நிறமும் அலகும் நடையும் சூழலுக்கேற்ப விரைந்து மாறக்கூடியவை. மறைந்திருக்கும் ஓர் எலும்பும் எண்ணப்படாத ஓர் இறகும் உண்மையைச் சொல்லின.

ஒரு பெயரால் விளைந்த கேடு

இதுவரை கூறியவை அறிஞர்களின் ஏட்டுக்குள் அடங்கியவை. ஒரு பறவையை ஃபிஞ்ச் என்றாலும் சிட்டு என்றாலும் அது பறந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் பெயர் ஏட்டைவிட்டு நிலத்துக்கு இறங்கும்போது விளைவு வேறாகிறது.

பனிமலைக் குருவிகள் கூடு கட்டும் மண்வளைகளைத் தோண்டுவது பைக்கா என்னும் விலங்கு. உள்ளங்கையில் அடங்கும் அளவு, வால் வெளியே தெரியாது, காதுகள் வட்டமானவை. பார்ப்பதற்கு எலி போன்றது. சீன மொழியில் அதன் பெயருக்கு எலிமுயல் என்று பொருள். ஆயின் அது கொறிவிலங்கு அன்று; முயலின் இனம். மேல்தாடையில் முன்பற்களுக்குப் பின்னே இன்னும் ஓர் இணைப் பற்கள் இருப்பது முயலுக்கும் அதற்கும் பொதுவான அடையாளம். இங்கும் தோற்றம் ஒன்று, கிளை வேறு.

பீடபூமியில் ஆடும் காட்டெருமையினமான யாக்கும் மேய்ப்போரின் புல்லைப் பைக்கா தின்கிறது. புல் அருகிய நிலங்களில் அது மிகுதியாகக் காணப்பட்டதால், புல்வெளி அழிவதற்கு அதுவே காரணம் என்று கருதப்பட்டது. ‘தீங்குயிர்’ என்னும் பெயர் அதற்கு வந்தது. 1950களின் இறுதி தொடங்கிப் பல ஆண்டுகள் பெரும்பரப்பில் நஞ்சிட்டு அது ஒழிக்கப்பட்டது.

1999இல் ஆண்ட்ரூ ஸ்மித், மார்க் ஃபாகின் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மறுத்தது. பைக்கா தாழ்ந்த புல் உள்ள திறந்த நிலத்தையே விரும்பும்; வல்லூறும் நரியும் வருவதைத் தொலைவிலேயே காண அதுவே உகந்தது. ஆகவே மிகை மேய்ச்சலால் புல் குன்றிய இடத்தில் பைக்கா பெருகுகிறது. பல இடங்களில் அது நோயின் அறிகுறி, நோயே அன்று. அதன் வளைகள் மழைநீரை மண்ணுக்குள் இறக்குகின்றன. நரி, பருந்து முதலிய பல விலங்குகளுக்கு அது உணவு. அதன் வளைகளே பனிமலைக் குருவிகளுக்கு வீடு. இவ்வாறு பல உயிர்கள் சார்ந்து நிற்கும் விலங்கை உயிரியலார் ஆதார இனம் என்பர்.

பைக்கா ஒழிந்த இடங்களில் வளைகளைப் பேணுவார் இல்லை. சில ஆண்டுகளில் அவை இடிந்து தூர்ந்துவிடுகின்றன. அங்கே பனிமலைக் குருவிகள் குறைந்துவிடுவதைக் கள ஆய்வுகள் காட்டின. நஞ்சு பைக்காவைக் குறிவைத்தது, வீடிழந்தவை குருவிகள். ‘தீங்குயிர்’ என்னும் ஒரு சொல், யாருக்குத் தீங்கு, எவ்விடத்தில், எதனால் என்னும் வினாக்களையெல்லாம் கேட்கவிடாமல் செய்துவிட்டது. வகைப்பாட்டுச் சொல்லைப் போன்ற தோற்றத்தோடு வந்த அது, உண்மையில் ஒரு தீர்ப்பு.

தமிழில் எவ்வாறு பெயரிடுவது?

கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடும் ஆசிரியர்களுக்கு இவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். ஆங்கிலச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து ‘பனி ஃபிஞ்ச்’ என்று எழுதினால், 1766இன் பிழையை நாமும் வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலம் பேசுவோர் அதனை மாற்றாமைக்குக் காரணம் உண்டு. அது அவர்களிடம் வழக்கில் ஊன்றிவிட்டது. வழக்கில் ஊன்றிய சொல்லை ஆணையிட்டு அகற்ற இயலாது என்பதை மொழியியலார் அறிவர். தமிழிலோ இப்பறவைக்கு இன்னும் பெயர் ஊன்றவில்லை. புதிதாகத் தொடங்குவோர்க்குப் பழைய பிழையைச் சுமக்கும் கடமை இல்லை.

‘பனிச்சிட்டு’ என்று கூறலாமா? சிட்டு என்னும் சொல் சிறுமையைக் குறிப்பது. தேன்சிட்டு, தையல்சிட்டு என்று வேறு குடும்பப் பறவைகளுக்கும் அது வழங்குகிறது. எனவே அச்சொல் மட்டும் உறவைச் சுட்டாது. மேலும் தனித்து நிற்கும்போது ‘பனி’ என்பது பனித்துளியையும் குறிக்கும். ‘பனிமலைச் சிட்டுக்குருவி’ என்பது சற்று நீளமானதே. ஆனால் வாழிடத்தையும் உறவையும் ஒருங்கே சரியாகச் சொல்வது அது. சிட்டுக்குருவி என்னும் முழுச்சொல் ஒரு குறிப்பிட்ட பறவையினத்தையே நம் மனத்தில் எழுப்புகிறது. அவ்வினமே இதன் உறவினம். பாடநூல்களில் இப்பெயரை நாம் பரிந்துரைக்கிறோம்.

பொதுவான நெறியொன்றையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். புதிய பொருளுக்குப் பெயரிடும்முன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். பெயர் எதைக் கூறுகிறது: தோற்றத்தையா, வாழிடத்தையா, உறவையா, பயனையா? அது கூறுவது மெய்தானா? மூலமொழியின் பெயர் எந்தக் காலத்து அறிவைச் சுமந்து நிற்கிறது? தோற்றத்தைக் கூறும் பெயர் தவறன்று; அது தோற்றத்தைத்தான் கூறுகிறது என்பதை நாம் அறிந்திருந்தால் போதும். அதனை உறவென்று மயங்கும்போதும், தீர்ப்பைக் கூறும் பெயரை விளக்கம் என்று மயங்கும்போதுமே பிழை தொடங்குகிறது.

வகுப்பறையில் இதனை ஒரு பயிற்சியாகவும் அமைக்கலாம். பள்ளி வளாகத்தில் காணப்படும் ஐந்து பறவைகளின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், ஆங்கிலப் பெயர், அறிவியற் பெயர் ஆகியவற்றை மாணவர்கள் திரட்டட்டும். ஒவ்வொரு பெயரும் மேற்கூறியவற்றுள் எதனைச் சொல்கிறது என்று பகுக்கட்டும். மரச்சிட்டிலிருந்தே தொடங்கலாம். அதன் பெயரில் உள்ள மலை எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவர் கேட்டால், அவ்வகுப்பு நன்றாகத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.